குப்பிக்குள் இருப்பது என்ன? பெப்டைட் வணிகத்தின் நூறாண்டுக் கதை

ஆய்வுகூடங்களுக்கென விற்கப்படும் பெப்டைட் பார்வைக்கு மிக எளிமையான ஒரு பொருள். விரலளவான கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் பஞ்சுபோல் ஒட்டிக்கிடக்கும் சிறிதளவு வெள்ளைத் தூள். வெளியே ஒரு பெயர், ஒரு தொகுதி இலக்கம், '99 சதவீதத் தூய்மை' என்ற ஒரு வரி. அரிசி வாங்குபவர் ஒரு பிடியை உள்ளங்கையில் போட்டுப் பார்க்கிறார். சேலை வாங்குபவர் இழையைத் தடவிப் பார்க்கிறார். பெப்டைட் வாங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. நிறத்தாலோ மணத்தாலோ அதன் தரத்தை அறிய முடியாது. விற்பவர் சொல்லும் சொல்லையே அவர் விலைகொடுத்து வாங்குகிறார்.

புலம்பெயர்ந்த நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவ ஆய்வு நிலையங்களிலும் நம்மவரின் பிள்ளைகள் பலர் இன்று பணியாற்றுகிறார்கள். எந்த விநியோகத்தரை நம்பிப் பெப்டைட் வாங்குவது என்பது அவர்களில் பலருக்கு அன்றாடக் கேள்வி. நான் விஞ்ஞானி அல்லன். ஆனால், ஒருவர் தரும் தகவலை எவ்வாறு உறுதிப்படுத்துவது என்ற கேள்வியோடு பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவன். அந்தக் கண்ணோடு இந்த வணிகத்தின் வரலாற்றைப் பார்க்கும்போது, இன்றைய கேள்விக்கான விடைகளிற் பெரும்பாலானவை அதற்குள்ளேயே கிடப்பது தெரிகிறது.

ரொறன்ரோவில் தொடங்கிய கதை

பெப்டைட் என்பது அமினோ அமிலங்கள் மணிகள்போல் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. நீண்ட சங்கிலிகளைப் புரதம் என்கிறோம். 51 அமினோ அமிலங்களைக் கொண்ட இன்சுலின் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பது. பெப்டைட் ஒன்றைப் பெருமளவில் தயாரித்து, தரம் பார்த்து, உலகெங்கும் விநியோகிக்கும் வேலை இன்சுலினோடுதான் தொடங்கியது.

இன்று தமிழர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரமே அதன் களம். 1921ஆம் ஆண்டின் கோடையில் பிரெடெரிக் பான்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்டும், பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில், நாய்களின் கணையத்திலிருந்து சாற்றைப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். 1922 ஜனவரி 11ஆம் திகதி, ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் நீரிழிவினால் உருக்குலைந்து கிடந்த 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு அந்தச் சாறு ஊசிமூலம் ஏற்றப்பட்டது. சர்க்கரை சிறிதளவே இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி எழுந்தது. சாற்றில் மருந்தைவிட அழுக்கு மிகுந்திருந்தது.

பன்னிரண்டு நாட்களின் பின்னர், ஜனவரி 23ஆம் திகதி, அதே சிறுவனுக்கு மீண்டும் ஊசி போடப்பட்டது. இம்முறை சாற்றைச் சுத்திகரித்தவர் உயிரிரசாயனவியலாளர் ஜேம்ஸ் கொலிப். சிறுவனின் சர்க்கரை வேகமாக இறங்கியது, அவன் தேறினான். மருந்தின் பெயர் மாறவில்லை, நோயாளியும் மாறவில்லை. இரண்டு ஊசிகளுக்கும் இடையில் மாறியது தூய்மை ஒன்றே.

அதற்குப் பின்னர் நடந்ததை வரலாற்று நூல்கள் பல சுருக்கமாகவே கடந்துவிடுகின்றன. உற்பத்தியைப் பெருக்க முயன்றபோது கொலிப்பினால் அதே தரத்தில் மீண்டும் தயாரிக்க முடியவில்லை. தாம் கண்டுபிடித்த முறை தம் கையிலேயே பிடிபடாமற்போக, அவர்கள் 1922ஆம் ஆண்டின் முற்பகுதியில் மாதக்கணக்கில் அல்லாடினார்கள். ஒருமுறை நன்றாக வந்த பொருள் மறுமுறையும் அவ்வாறே வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதை இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களே முதலில் அனுபவித்தார்கள். ஒரு விநியோகத்தரின் பெயரை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்ற இன்றைய விதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு டொலரும் ஒரு முயலும்

1922 மே மாதத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துடன் ரொறன்ரோ பல்கலைக்கழகம் உடன்பாடு செய்துகொண்டது. பின்னர் கண்டுபிடிப்பாளர்கள் தமது காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தார்கள். இந்த ஒரு டொலரைத் தியாகத்தின் அடையாளமாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால், காப்புரிமையைப் பல்கலைக்கழகம் கையில் வைத்திருந்ததற்கு வேறொரு பயனும் உண்டு. இன்சுலின் தயாரிக்க விரும்பும் நிறுவனம் எதுவானாலும் பல்கலைக்கழகத்தின் இன்சுலின் குழுவிடம் உரிமம் பெற வேண்டும். தயாரித்த மருந்தின் மாதிரிகளை அந்தக் குழுவின் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தயாரித்தவரே தன் சரக்குக்கு நற்சாட்சி கூறும் நிலை அங்கே தவிர்க்கப்பட்டது.

பரிசோதனைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அன்று அந்த அளவுகோல் முயல். 24 மணிநேரம் உணவின்றி வைக்கப்பட்ட, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள முயலின் இரத்தச் சர்க்கரையை வலிப்பு ஏற்படும் மட்டத்துக்கு இறக்கும் அளவை அடிப்படையாகக் கொண்டு இன்சுலினின் 'அலகு' வரையறுக்கப்பட்டது. ஆனால் ரொறன்ரோ முயலும் இலண்டன் முயலும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஒரே அலகு நாட்டுக்கு நாடு வேறுபட்டால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முதன்மையானவர் பிரித்தானிய விஞ்ஞானி ஹென்றி டேல். உலர்ந்த இன்சுலின் தூள் ஒன்றை எல்லோருக்கும் பொதுவான ஒப்பீட்டுப் பொருளாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவது என்பதே அந்தத் தீர்வு. தேசங்களின் சங்கத்தின் சுகாதார அமைப்பினூடாக 1925ஆம் ஆண்டில் இன்சுலினுக்கான முதலாவது சர்வதேச நியமம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் ஒரு மில்லிகிராம் 8 அலகுகளுக்குச் சமம் எனத் தீர்மானிக்கப்பட்டது. அந்த நியமத் தூள் இலண்டன் ஹம்ஸ்ரெட்டிலிருந்த ஆய்வு நிலையத்தில் பாதுகாக்கப்பட்டது.

காப்புரிமை என்றோ ஒருநாள் காலாவதியாகும். அது முடிந்தபின் பரிசோதிப்பவர் யார் என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. 1941 டிசெம்பரில் காப்புரிமை முடிவடையவிருந்த தறுவாயில், இன்சுலினின் ஒவ்வொரு தொகுதியும் அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தினால் பரிசோதித்துச் சான்றளிக்கப்பட்ட பின்னரே விற்கப்படலாம் என்று சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1997ஆம் ஆண்டு வரை அந்த நடைமுறை நிலைத்தது. இன்சுலின் மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்குப் பின்னால் இப்படியொரு நீண்ட காவல் இருந்தது.

இறைச்சிக்கூடத்திலிருந்து இயந்திரத்துக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெப்டைட் ஆய்வாளருக்கு விநியோகத்தர் என்றால் இறைச்சிக்கூடந்தான். ரொஜர் கில்லமினும் அன்ட்ரூ ஷாலியும் மூளையின் ஹைபோதலமசிலிருந்து சுரக்கும் ஓமோன்களைத் தேடிப் போட்டியிட்ட கதை பிரசித்தமானது. ஒருவர் செம்மறியாடுகளின் மூளைத் துண்டுகளை நாடினார். மற்றவர் பன்றிகளுடையவற்றை நாடினார். 1968இல் கில்லமினின் குழு 3 இலட்சம் செம்மறியாடுகளின் ஹைபோதலமஸ் துண்டுகளிலிருந்து பிரித்தெடுத்தது ஒரே ஒரு மில்லிகிராம் ஓமோன். மறு ஆண்டில் அதன் அமைப்பு தெரியவந்தபோது, அது மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 1977இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உயிரிகளிலிருந்து எடுக்கும் பொருளுக்கு வேறோர் ஆபத்தும் இருந்தது. வளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்கு, இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஓமோன் வழங்கப்பட்டு வந்தது. அமெரிக்காவில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றார்கள். அவர்களிற் சிலர், பல ஆண்டுகள் கழித்து, மூளையை அரிக்கும் குரொய்ட்ஸ்பெல்ட்-ஜேக்கப் நோயினால் இறந்தது 1985இல் தெரியவந்ததும் விநியோகம் நிறுத்தப்பட்டது. சிகிச்சை தந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் தந்தார்கள். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, அதனோடு வேறென்ன சேர்ந்து வருகிறது என்பதை அறிந்துகொள்ளும் கருவி அவர்களிடம் இருக்கவில்லை.

இதற்கிடையில் இரசாயனவியலாளர்கள் மாற்றுவழியைத் திறந்துவிட்டிருந்தார்கள். 1953இல் வின்சென்ட் டு விக்னோட் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒக்சிற்றோசினை ஆய்வுகூடத்தில் செயற்கையாக உருவாக்கினார். ஒவ்வொரு மணியைக் கோத்த பின்னரும் சரக்கைச் சுத்திகரித்தாக வேண்டும் என்பதால் அது மிகவும் மெதுவான வேலை. 1963இல் நியூயோர்க் றொக்பெல்லர் நிலையத்தின் புரூஸ் மெரிபீல்ட் அந்தச் சுமையை இறக்கினார். சங்கிலியின் ஒரு முனையைச் சிறு பிசின் மணியொன்றில் கட்டிவிட்டு, மற்ற முனையில் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, மிஞ்சியதைக் கழுவி ஊற்றிவிடுவது அவர் கண்ட முறை. பிறகு அதை இயந்திரமே செய்யத் தொடங்கியது. 1984இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் காணும் பெப்டைட் வணிகம் முழுவதும் அந்தப் பிசின் மணியின் மேல் எழுந்தது என்றாலும் தகும்.

அந்த முறையோடு ஒரு கணக்கும் கூடவே வந்தது. 30 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிக்கு 29 இணைப்புகள் வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் நூற்றுக்கு 99 பங்கு வெற்றி பெற்றாலும், இறுதியில் முழுமையான சங்கிலி ஏறத்தாழ 75 சதவீதந்தான் இருக்கும். வெற்றி 98 பங்காகக் குறைந்தால் அது ஏறத்தாழ 56 சதவீதமாகிவிடும். எஞ்சியவை ஒரு மணியோ இரு மணிகளோ விடுபட்ட குறைச்சங்கிலிகள். அவை முழுச் சங்கிலியைப் போலவே தோற்றமளிக்கும். அதனோடு ஒட்டிக்கொண்டே வரும். அவற்றைப் பிரித்தெடுப்பதில்தான் நல்ல விநியோகத்தரின் உழைப்பும் செலவும் அடங்கியிருக்கின்றன. மலிவு விலை வியக்கவைக்கும்போது, இந்த வேலை முழுமையாக நடந்ததா என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

எஞ்சிய ஒரு சதவீதம்

'99 சதவீதம் தூய்மை' என்றால் போதாதா? 1989ஆம் ஆண்டு தந்த பாடம் இதற்குப் பதில் கூறும். அவ்வாண்டு அமெரிக்காவில் எல்-ட்ரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை ஊட்டப்பொருளாக உட்கொண்டவர்களிடையே தசைவலியும் இரத்த அணுக்களின் பெருக்கமும் கொண்ட ஒரு புதிய நோய் பரவியது. 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நோயின் தடம் ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனத்தின் சரக்குக்கு இட்டுச்சென்றது. உற்பத்திக்குப் பயன்பட்ட பக்டீரியா மாற்றப்பட்டிருந்தது. சுத்திகரிப்பில் பயன்படும் கரித்தூளின் அளவும் குறைக்கப்பட்டிருந்தது. அந்தச் சரக்கோ நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தூயது. குற்றவாளியான மாசு எது என்பது ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. ஆனால் எத்தனை சதவீதம் தூய்மை என்று கேட்பதோடு நில்லாமல், மீதியில் இருப்பது என்ன என்றும் கேட்க வேண்டும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

ஆய்வாளர்களுக்கு இந்தப் பாடம் வேறுவிதமாக வந்தது. அல்சைமர் நோயோடு தொடர்புடைய பீட்டா அமிலோயிட் பெப்டைட் மூளைக் கலங்களைக் கொல்லுமா, கொல்லாதா என்று 1990களின் தொடக்கத்தில் பெரும் சர்ச்சை நடந்தது. ஒரே பெயரில் விற்கப்பட்ட பெப்டைட் தொகுதிக்குத் தொகுதி வெவ்வேறு நச்சுத்தன்மை காட்டுவதாக 1992இல் ஓர் ஆய்வு வெளியானது. 2008இல் எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனைகள் தொடர்பான ஆய்வொன்று, விலைக்கு வாங்கிய செயற்கைப் பெப்டைட்டுகளிற் கலந்திருந்த அந்நியப் பெப்டைட் மாசுகள் இல்லாத எதிர்வினையை இருப்பதாகக் காட்டிவிடக்கூடும் என்று எச்சரித்தது. 2011இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றை அறிவித்தார்கள். திணிவு நிறமாலைமானிக்குத் தட்டுப்படாத அளவு சிறிய மாசு ஒன்றை, மனித உடலின் டி கலங்கள் இனங்கண்டு எதிர்வினை காட்டியிருந்தன.

பல வாடிக்கையாளருக்குப் பல நூறு பெப்டைட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனத்தில், முந்தியவருடைய பொருளின் துகள் அடுத்தவருடைய குப்பிக்குள் போவது சாத்தியம். அதன் விலையை, பொய்யான முடிவொன்றைத் துரத்திக்கொண்டு வருடங்களைத் தொலைக்கும் ஆராய்ச்சி மாணவர் செலுத்துகிறார். தடுப்பூசிக்காகக் காத்திருக்கும் மக்களும் செலுத்துகிறார்கள்.

காகிதமும் சரக்கும்

'பெயர்பெற்ற நிறுவனத்திடம் வாங்கினால் போயிற்று' என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதம் இலங்கையருக்குப் பழகியதே. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் தலைவராக இருந்து, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி இரசாயனப் பெயரால், உலகளாவிய கேள்விமனு மூலம் கொள்வனவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். மலிவு மருந்தின் தரத்துக்கு யார் உத்தரவாதம் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் வணிகப் பெயர் அதற்கு விடையாகாது, பரிசோதனையே விடை. மலிவாக வாங்கும் அரசுக்கும் சரி, விலையுயர்ந்த பெயரை வாங்கும் தனியாருக்கும் சரி, அந்த விடை ஒன்றே.

பரிசோதனையின் இடத்தில் காகிதம் அமர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் எமது நாடு கண்டது. 2023இல் இலங்கை அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் குப்பிகள் தரமற்றவை எனக் கண்டறியப்பட்டன. போலி ஆவணங்களைக் காட்டிக் கொள்வனவு நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரும் கைதானார். குற்றம் யாருடையது என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் கோப்பில் சான்றிதழ் இருப்பதும் குப்பிக்குள் மருந்து இருப்பதும் இருவேறு விடயங்கள் என்பதை உணர்வதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், நம்பத்தகுந்த விநியோகத்தரை இனங்காணும் கேள்விகள் தாமாகவே வரிசைப்படுகின்றன.

முதலாவது, பகுப்பாய்வுச் சான்றிதழ் எந்தத் தொகுதிக்கு உரியது? குப்பியிலுள்ள இலக்கமும் சான்றிதழிலுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சான்றிதழை அனுப்புபவர், கொலிப்புக்கு நேர்ந்தது தமக்கு நேராது என்று கருதுகிறார் போலும்.

இரண்டாவது, தூய்மையை அளந்த வரைபடம் எங்கே? எச்.பி.எல்.சி. எனப்படும் திரவ நிறப்பகுப்பு, குப்பிக்குள் எத்தனை பொருட்கள், என்ன விகிதத்தில் உள்ளன என்பதைக் காட்டும். திணிவு நிறமாலை, பிரதான பொருளின் மூலக்கூற்றுத் திணிவு சரியா என்பதைக் காட்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. அசல் வரைபடத்தைத் தராமல் எண்ணை மட்டும் தருபவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நிறையில் எவ்வளவு பெப்டைட்? இது பலருக்குத் தெரியாத நுணுக்கம். உலர்ந்த தூளில் பெப்டைட்டோடு நீரும், சுத்திகரிப்பிலிருந்து ஒட்டிக்கொண்ட ட்ரைபுளோரோஅசற்றிக் அமிலம் போன்றவற்றின் உப்பும் இருக்கும். 5 மில்லிகிராம் தூளில் உண்மையான பெப்டைட் சாதாரணமாக 60 முதல் 90 சதவீதம் வரையில்தான் இருக்கும். தூய்மை 99 சதவீதமாக இருக்கும்போதே இது நிகழலாம். ஏனெனில் நிறப்பகுப்பு நீரையும் உப்பையும் கணக்கிற் சேர்ப்பதில்லை. அமினோ அமிலப் பகுப்பாய்வுதான் உண்மையான அளவைச் சொல்லும்.

நான்காவது, உயிர்க்கலங்களோடு செய்யும் ஆய்வாயின், எண்டோடொக்சின் என்ற பக்டீரியா நச்சு சோதிக்கப்பட்டதா? உருவாக்கும்போது பிற பெப்டைட்டுகள் கலவாதிருக்க என்ன ஏற்பாடு? குளிரூட்டி அனுப்புகிறார்களா?

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. விற்பவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத வேறோர் ஆய்வுகூடம் அதைச் சோதித்ததா? முக்கியமான ஆய்வுக்கு வாங்கும்போது சிறிது கூடுதலாக வாங்கி, ஒரு பகுதியைத் தாமே வெளியே அனுப்பிப் பரிசோதிப்பது வீண்செலவன்று. ரொறன்ரோவின் இன்சுலின் குழு செய்த வேலை அதுதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. 'ஆய்வுக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல' என்ற சீட்டோடு விற்கப்படும் பெப்டைட்டுகளை உடல் மெலியவும் தசை பெருக்கவும் சிலர் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். இவ்வாறு செமாகுளுட்டைட் போன்றவற்றை விற்ற நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 டிசெம்பரில் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தாலும், ஆய்வுகூடத்துக்கான தூள் மருந்தாகிவிடாது. மருந்துக்குரிய கிருமிநீக்கமும், மனிதரில் நடத்திய பரிசோதனையும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்கும் உற்பத்தியாளரும் அந்தக் குப்பிக்குப் பின்னால் இல்லை. 1922 ஜனவரி 11இல் லெனார்ட் தொம்சனுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று வைத்தியரிடம் போகக்கூடியவருக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

செய்தித் தொழிலில் ஒரு பழைய நடைமுறை உண்டு. செய்தி தந்தவரைத் தவிர இன்னொருவரும் அதை உறுதிப்படுத்தினாரா என்று ஆசிரியபீடம் கேட்கும். தந்தவர் பொய்யர் என்று அதற்குப் பொருளில்லை. நேர்மையானவரும் தவறலாம்; தவறை அவரே கண்டுபிடிப்பது அரிது. நேர்மையான விநியோகத்தர் இந்தக் கேள்வியால் புண்படமாட்டார். அவரே வரைபடத்தை எடுத்துத் தருவார். ஆய்வுகூடத்திலிருக்கும் நம் பிள்ளைகள் ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே பெப்டைட்டின் தொகுதி இலக்கத்தையும் எழுதிவைக்க வேண்டும். முடிவு பிசகும் நாளில், முதலிற் புரட்டிப் பார்க்க வேண்டிய வரி அதுவாகவே இருக்கக்கூடும்.